மஞ்சள் போட்டுக் கழுவிய பேக்கன்

வாசல் மணி அடித்தபோது தாரிணியின் கையில் இடுக்கி இருந்தது. கன்னத்தில் எண்ணெய் தெறித்து எரிந்தது. அடுப்பில் தோசைக்கல் பட்டாசாக வெடித்துக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கதவை ஒரு சாண் அளவு மட்டும் திறந்தாள்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் வேணுகோபால். நெற்றியில் திருநீறு இன்னும் காயவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றார்.

"என்னம்மா, தீபாவளியா?"

"கடுகு தாளிச்சேனுங்க அங்கிள்."

"ஹவ், அப்படியா?" மூக்கு லேசாக உயர்ந்தது. "கடுகு இப்படி வெடிக்காதே. ஈரம் பட்டிருக்கும். எதைப் போட்டாலும் துடைச்சுட்டுப் போடணும்."

"சரிங்க அங்கிள்."

அவர் உடனே இறங்கவில்லை. கதவிடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, மனசில்லாமல் படியிறங்கினார். பின்னால் மறைத்த கையில் என்ன? வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸா?

கேட்டில் பலகை தொங்கியது: 'சைவர்களுக்கு மட்டும்.' குடிவந்த அன்று வீட்டுக்கார அம்மா தங்கம் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்: "முட்டைகூட நக்கோ, ஆகவே ஆகாது. முன்னாடி இருந்த ராஜாராமன் குடும்பத்தை ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை சமையலுக்காகத்தான் காலி பண்ண வெச்சேன்."

செகந்திராபாத்தில் இந்த வீட்டைப் பிடிக்க ஸ்ரீகாந்த் மூன்று மாதம் அலைந்திருந்தான். அவன் சுத்த சைவம். "நீ வெளியில என்ன வேணா சாப்பிட்டுக்கோ தாரிணி. வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம். இதை விட்டா நாம ரோட்டுலதான்" என்று சொல்லியிருந்தான். இப்போது அலுவலக வேலையாகப் புனேவில் இருந்தான்.

தாரிணிக்குக் குற்ற உணர்வு இல்லாமல் இல்லை. ஆசை அதைவிடப் பிடிவாதமாக இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன் கம்பெனி அவளை மூன்று மாதம் கிளீவ்லாண்டுக்கு அனுப்பியிருந்தது. தினமும் காலையில் விடுதியின் ஜன்னலோர மேஜையில் தனியாக உட்கார்ந்து, பேக்கன் என்ற, உப்பும் புகையும் ஏறிய பன்றி இறைச்சித் துண்டுகளை மொறுமொறுவென்று கடிப்பாள். அந்த நேரத்தில் இப்போதுபோல் யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டதில்லை. "ஏதாவது விசேஷமா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டதில்லை. அந்தச் சத்தம் அவள் காதுக்கு மட்டும் கேட்டது. அதை இன்னொரு முறை கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை.

அதற்காகத்தான் கடையில் வாங்கிய பாக்கெட்டைக் கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் தப்பு. அவள் பிறந்து வளர்ந்த கோயம்புத்தூரில் கறி என்றால் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? கழுவினாள். மஞ்சள் ரிப்பன்களாகச் சொட்டிக்கொண்டிருந்த துண்டுகளைத் தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிய கல்லில் போட்டாள். கல் வெடித்தது. பேக்கன் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக, குளித்துவிட்டு வந்த பூனைபோல் சுருண்டது.

விடுவதாக இல்லை. வாசனைதான் பிரச்சினை என்றால், வாசனையை மூடிவைக்கலாமே? அடுத்த சில துண்டுகளைக் குக்கரில் போட்டு இறுக்கி மூடினாள்.

நல்ல யோசனையாகத்தான் இருந்தது, விசில் வரும்வரை.

முதல் விசிலில் சமையலறை முழுக்கப் பன்றி மணத்தது. இரண்டாவதில் மாடிப்படி மணத்தது. மூன்றாவதில் எதிர்வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தாரிணி ஊதுபத்திகளைக் கொத்தாகக் கொளுத்தினாள். இப்போது கோயிலுக்குள் பன்றி புகுந்ததுபோல் மணத்தது.

மணி அடித்தது.

"என்னம்மா வேகுது?" மறுபடியும் வேணுகோபால். கை மறுபடியும் முதுகுக்குப் பின்னால்.

"கொண்டைக்கடலைங்க."

அவர் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். முகத்தில் வேதனை தெரிந்தது. ஆசாரமான மனிதர், பாவம், என்று அவளுக்கு உள்ளே சுருக்கென்றது.

"அதைப் போய் ஏம்மா வேகவைக்கிற? ருசி பூரா தண்ணியில போயிடுமே" என்றார், தழுதழுத்த குரலில்.

தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே கேட்கிறார். போலீஸ்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். குக்கருக்குள் கிடந்தது வெளுத்துத் தொளதொளத்திருந்தது. நிறுத்திவிடலாம். மிச்சத்தைக் குப்பையில் போட்டு, வீட்டைக் கழுவி, நல்ல மருமகளாகிவிடலாம். ஆனால் எத்தனை விஷயத்தைத்தான் பாதியில் குப்பையில் போடுவது?

கல்யாணப் பரிசாக வந்த மைக்ரோவேவில் அடுத்ததை வைத்தாள். குளியலறையில் கீசர் ஓடிக்கொண்டிருந்தது நினைவில் இல்லை. உள்ளே ஒரு துண்டு டப்பென்று வெடித்தது. கூடவே வீட்டின் மின்சாரமும் போனது. புகையை வெளியேற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. புகை நின்ற இடத்திலேயே நின்றது.

சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"ஃப்யூஸ் போட்டுட்டேன்." வேணுகோபாலுக்கு மூச்சு வாங்கியது. "மெஷின் எல்லாம் நக்கோம்மா. சூடாகாத கல்லுல அடுக்கு. அப்புறம் சிம்ல பத்த வை. எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். அதுக்குள்ள இருக்கிறதே போதும்."

"எதைங்க அங்கிள் அடுக்கறது?"

அவர் தடுமாறினார். "எதையா... அந்தக் கொண்டைக்கடலையைத்தான்."

அவர் போன பிறகு தாரிணிக்கு விசித்திரமான நிம்மதி வந்தது. எப்படியும் வீடு போய்விட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஜன்னல்களை அகலத் திறந்தாள். மிச்சமிருந்த மூன்று துண்டுகளைத் துணியில் ஒற்றித் துடைத்தாள். ஆறிய கல்லில் அடுக்கி, தீயைக் குறைத்துவைத்தாள். எண்ணெய் ஊற்றவில்லை. காத்திருந்தாள்.

கொழுப்பு மெல்ல உருகியது. வெடிக்கவில்லை, முணுமுணுத்தது. ஓரங்கள் சிவந்து அலை அலையாக நெளிந்தன.

சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அதே சத்தம்.

மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே போய்க் கதவை முழுசாகத் திறந்தாள்.

"அங்கிள், இது கொண்டைக்கடலை இல்லீங்க. பன்னிக்கறி. ஸ்ரீகாந்துக்கு எதுவும் தெரியாது, நான்தான் செஞ்சேன். இந்த மாசமே காலி பண்ணிடறோம்."

வேணுகோபாலின் கண் தட்டைவிட்டு நகரவில்லை.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். தங்கம் முந்தானையை இடுப்பில் செருகியபடி ஏறிவந்தாள். தாரிணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவருக்கு நேராகப் போய் நின்றாள்.

"கையை முன்னாடி நீட்டுங்க."

"தங்கம், நான் சும்மா ஃப்யூஸ்..."

"நீட்டுங்கன்னேன்."

கை மெல்ல முன்னால் வந்தது. அதில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டும் ஒரு முள்கரண்டியும் இருந்தன.

தங்கம் தட்டைப் பிடுங்கிக்கொண்டு தாரிணியிடம் திரும்பினாள்.

"நீ எங்கயும் போக வேண்டாம்மா, ஆனா கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னு. போலாரம் மிலிட்டரி ஆபீசர்ஸ் மெஸ்ல முப்பது வருஷம் சமையக்காரரா இருந்து, இதை வறுத்ததுல பாதியை இவரே தின்னு தீர்த்து, போன வருஷம் நெஞ்சைப் பொளந்து தைச்சிருக்காங்க. அந்த ராஜாராமன் குடும்பத்துக்காரங்க இவர் கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாதவங்க, அதான் அனுப்பினேன்." கணவரைப் படிப்பக்கம் தள்ளினாள். "கேட்டுல பலகை மாட்டினது சாமிக்காகன்னா நினைச்சே? இந்த ஆளுக்காக!"