ஹரோவில் கிடைத்த முதலாந்தரம்

ஹரோ, லண்டன்
12.10.1993

என்றும் என் மதிப்புக்குரிய முருகேசண்ணைக்கு,

உங்கள் தம்பி தில்லையம்பலம் எழுதிக்கொள்வது. நானும் மகள் சந்திரவதனாவும் மருமகனும் இங்கே சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். உங்கள் முழங்கால்கள் எப்படி? எனக்கு இடது கால் மட்டும்தான் நோகிறது. இதிலும் நான் உங்களுக்கு இளையவன்தான்.

அண்ணை, நான் ஒரு பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இங்கே ஆசிரியர்களின் தரத்தை உயர்த்தச் சொல்லி அரசாங்கம் ஊர் நிர்வாகம் பார்க்கும் கவுன்சில்களுக்குக் காசு கொடுக்கிறது. கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறதா? அதை என்ன செய்தீர்கள் என்று கவுன்சில்களைக் கேட்கிறது. கவுன்சில், அதில் ஒரு சொட்டு வாங்கிய எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறது. பள்ளிக்கூடம் தன் செயலாளரைக் கேட்கிறது. செயலாளர் நான்தான். எனக்குக் கீழே கேட்க ஆளில்லாததால், பதினாறு பக்கப் படிவத்தோடு நானே குந்தியிருக்கிறேன்.

அந்தச் சொட்டுக் காசில்தான் இந்த வருடம் எங்களுக்குப் பத்துக் கிழமைப் பயிற்சி நடந்தது. பதினொரு ஆசிரியர்களும் நானுமாகப் பன்னிரண்டு பேர். நடத்தியவர் மிஸிஸ் பென்றோஸ் என்ற கவுன்சில் அம்மா. நல்ல மனுசி. கதிரைகளை வட்டமாகப் போட்டு எங்களை இருத்தி, ஒரு பந்தை எறிந்து, பிடிப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார். முப்பது வருடம் பிரம்போடு நின்ற செபமாலைமுத்து மாஸ்ரர் பந்தைப் பிடித்ததும் எழுந்து நின்று, பெயரோடு தான் பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய ஆண்டையும் பெற்ற புள்ளிகளையும் சொல்லிவிட்டுத்தான் பந்தைக் கொடுத்தார். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வரும் கனகலிங்கம் மாஸ்ரர் பந்து வந்தபோது நித்திரை. அது அவர் நெற்றியில் பட்டு மிஸிஸ் பென்றோஸிடமே திரும்பிப் போனது. இப்படியெல்லாம் பாடுபட்டு ஆடி மாதம் சான்றிதழ் வாங்கினோம். அதிலே தங்க எழுத்தில் 'லெவல் வன்' என்றிருந்தது. லெவல் என்றால் தரம், வன் என்றால் ஒன்று. ஆகவே முதலாந்தரம்! இதற்கு அகராதி புரட்ட வேண்டுமா, அண்ணை?

நீங்கள் சிரிப்பீர்கள். ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்த உங்களுக்கு வாத்திமாரின் வியாதி விளங்காது. "செத்த வீட்டிலயும் தரம் விசாரிக்கிற ஆக்களடா நீங்கள்" என்று அந்த நாளில் பகிடி பண்ணுவீர்கள். உண்மைதான். எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் சாதகத்துக்கு முன்னம் தரத்தைத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்றால் முதல் நாளே கரும்பலகைக்குக் கரியும் கோவையிலையும் பூசி, பாடக்குறிப்புகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைப்போம். அவர் சம்பவத் திரட்டு என்ற பதிவுப் புத்தகத்திலே 'நன்று' என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போனால், அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கும் அடி விழாது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் வேலை செய்தோம்! இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்து வருகிறது. எழுபத்தெட்டில் நானும், ஊரில் என்னோடு படிப்பித்து இப்போது இங்கேயும் படிப்பிக்கும் செல்வமலர் ரீச்சரும் முதலாந்தரத்துக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தோம். கோப்புப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். பிறகு கலவரம் வந்து நாங்களே நாட்டை விட்டுப் போய்விட்டோம். கோப்பு இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். இருபத்தேழு வருடம் படிப்பித்தும் நான் இரண்டாந்தரம், அவரும் இரண்டாந்தரம்.

அதனால்தான் சான்றிதழ் கிடைத்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. மேடையில் ஏறி, "ஊரிலே கிடைக்காதது எங்களுக்கு ஹரோவிலே கிடைத்திருக்கிறது. இன்று முதல் நாம் எல்லோரும் முதலாந்தர ஆசிரியர்கள்" என்று பேசி, பாதியில் அழுதும் விட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். செல்வமலர் ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். சந்திரவதனா என்னுடையதைச் சட்டம் போட்டு ரீவிக்கு மேலே மாட்டினாள். வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினேன். தபால்காரனுக்கும் காட்டினேன்.

போன கிழமை வந்ததே இந்தப் படிவம், அதன் ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: லெவல் வன் என்பது ஆரம்ப நிலை. அதிலிருந்து லெவல் ரூவுக்கு, அதாவது இரண்டுக்கு, உயர வேண்டும். அண்ணை, இந்த நாட்டில் அடியிலிருந்து எண்ணுகிறார்கள்! கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. நான் அந்த அப்பாவிகளை ஏமாற்றிவிட்டேன்.

இதற்குமேல்தான் உபத்திரவம். லெவல் ரூவுக்குப் போகச் சம்மதிப்பவர் எத்தனை பேர் என்பது ஒன்பதாம் கேள்வி. ஒருவருமில்லை என்றால் அடுத்த வருடம் காசு நிற்கும். காசு நின்றால் கவுன்சில் தரும் வகுப்பறைகளும் போகும், தொண்ணூறு பிள்ளைகள் சனிக்கிழமைகளில் கார்ட்டூன் பார்ப்பார்கள். குறிப்பைப் பற்றி மூச்சு விடாமல் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன்.

"முதலாந்தரத்தில இருந்து இரண்டாந்தரத்துக்கு இறங்கச் சொல்லுறியளோ, சேர்? என்ர மனிசி சிரிப்பாள்" என்றார் கனகலிங்கம். நிதியால் ஆசிரியர் தரம் எவ்வளவு உயர்ந்தது என்ற கேள்விக்கு, 'இனி உயர இடமில்லை' என்று எழுதித் தந்தார் செபமாலைமுத்து. செல்வமலர் ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உங்களை விட்டுட்டு நாங்கள் ஒரு இடமும் போறேல்லை, சேர்" என்றார். பதினைந்து வருடம் காத்திருந்து கிடைத்ததை அந்த மனுசியிடமிருந்து நான் எப்படிப் பறிப்பேன்?

மூன்று நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை எல்லோரையும் இருத்தி, உண்மையைப் பக்குவமாக எடுத்துச் சொல்லப்போகிறேன். அவர்கள் வெள்ளை மனசுக்காரர்கள், தாங்கமாட்டார்கள். நாலு விதமாய் விளங்கப்படுத்த என்னைப்போல் அனுபவப்பட்ட ஒருவரால்தான் ஏலும். நீங்கள் மூத்தவர், எனக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நோய் நொடியின்றி நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி
சி. தில்லையம்பலம்

பி.கு: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. கரும்பலகையில் ஓர் ஏணி கீறி, "இந்த நாட்டில அடியில இருந்துதான் எண்ணுறது" என்று தொடங்கினேன். அடுத்த வரியை எழுதுவதும் அழிப்பதுமாக நின்றேன். செல்வமலர் ரீச்சர் எழுந்து வந்து என் கையிலிருந்த சோக்கை வாங்கினார்.

"இருங்கோ, சேர். எங்களுக்கு எப்பவோ தெரியும். மிஸிஸ் பென்றோஸ் இரண்டாம் வகுப்பிலேயே விளங்கப்படுத்தினவ. நீங்கள் அண்டைக்குத் தடிமனும் காய்ச்சலுமெண்டு வரேல்லை."

"அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"மேடையில நிண்டு அழுதியள், எப்பிடிச் சொல்லுறது? உங்கட மகளும் ரெலிபோன் எடுத்து, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவர் நல்ல சந்தோசமா இருக்கிறார் எண்டவ."

பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு கட்டுப் பேப்பரை எடுத்தார். லெவல் ரூவுக்கான விண்ணப்பங்கள். பதினொன்றில் ஆடி மாதமே கையொப்பம் வைத்து, எனக்குத் தெரிய வரும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் என் பெயரும் பிறந்த திகதியும் செல்வமலர் ரீச்சரின் அழகான குண்டெழுத்தில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையொப்பம் போட்டேன். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே, அண்ணை, மேலே எழுதிய எதையும் நீங்கள் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயும் வேண்டாம். வருகிற தை மாதத்திலிருந்து நான் மறுபடியும் இரண்டாந்தரம்.