ஹோல்மத் வைத்த கந்தகப் புகை

மச்சான் கட்டும் புதுவீட்டுச் சுவருக்கு அன்று மண் பூசப் போவதில்லை என்று ஹோல்மத் முடிவெடுத்துவிட்டார். நமங்கான் ஊரில் ஒருவர் வீடு கட்டினால் உறவும் தெருவும் கூலி வாங்காமல் கூடி வேலை செய்யும். வரமாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் மனைவி சொபிரா தன் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. இவருக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

கெட்ட மனிதர் இல்லை, பாவம். இடுப்பு வளைக்கத்தான் மனசு வராது.

நல்லவேளையாக, கொல்லையில் பிளாஸ்டிக் போர்த்திய வெள்ளரிக் குடில் இருந்தது. நாற்று நடுவதற்கு முன்னால் அதைப் பூட்டி, உள்ளே கந்தகம் கொளுத்தி, பூச்சியையும் பூஞ்சையையும் ஒழிக்க வேண்டும்.

"இன்னிக்குக் கந்தகம் வெக்கிறேன். விஷப் புகை. யாராவது திறந்துட்டா? நான் காவல் இருந்தாகணும்."

"எத்தனை நாளுங்க?"

"மூணு நாள்."

"மூணு நாளும் நின்னுகிட்டேவா?"

"குடும்பத்துக்காகத்தானே, சொபிரா."

அவள் அந்தப் பக்கம் போனதும், கந்தகத்தைத் தொடாமல், கண்ணேறு கழிக்க வீட்டில் கொளுத்தும் இசிரிக் செடியை ஒரு தட்டில் புகைய வைத்தார். எல்லாம் புகைதானே! மெத்தை, தேநீர், முலாம்பழம் சகிதம் உள்ளே போனார். மெத்தையை மிதிக்கும் முன் செருப்பைக் கழற்றுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். கதவுக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லிக் காலை நீட்டினார்.

கண் சொக்கும்போது வெளியே பேச்சுக்குரல். பக்கத்து வீட்டு முகர்ரம்.

"யாருக்குக் கண்ணு பட்டுச்சு சொபிரா? இசிரிக் வாசனை தெரு வரைக்கும் வருதே."

"இது கந்தகமாம், அக்கா."

"கந்தகம்னா இந்நேரம் நாம இருமியே செத்திருப்போம்! அது சரி, வாசல்ல யார் செருப்பு?"

"எங்க வீட்டுக்காரரோடது. காவலுக்கு நிக்குது."

இருவரும் சிரித்தார்கள். பிறகு பூட்டு விழும் சத்தம்.

"இடுக்கையெல்லாம் அடைச்சுடலாம் அக்கா. மேல் ஜன்னல் வழியா நெஜக் கந்தகத்தை இறக்கிடுவோம்."

ஹோல்மத் எழுந்தார் என்று சொல்ல முடியாது. மெத்தையே அவரைத் தூக்கி எறிந்ததுபோல் இருந்தது.

"சொபிரா! நான் உள்ள இருக்கேன்!"

"அய்யோ அல்லா! விஷப் புகைக்குள்ளயா? உசிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்! திற!"

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. மூலையில சுண்ணாம்பு வாளி இருக்கு பாருங்க. கந்தகத்துக்கு முன்னாடி குடிலோட கட்டைக்கெல்லாம் அடிக்கணும்ல? அடிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. நாங்க இங்கதான் டீ குடிச்சுகிட்டிருக்கோம்."

மாலைத் தொழுகைக்கு அழைக்கும்போதுதான் கதவு திறந்தது. கட்டைகளோடு சேர்ந்து ஹோல்மத்தின் மீசையும் வெளுத்திருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி. மண் பூசுவதிலிருந்து தப்பித்தாயிற்றே!

"உங்க அண்ணன் வீட்டுச் சுவர் முடிஞ்சிருக்குமே?" என்றார், மெதுவாக.

"எங்கேங்க! நீங்க தனியாக் கஷ்டப்படறீங்கன்னு காலையிலேயே சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை இல்லாம மண்ணைத் தொட மாட்டோம்னு எல்லாரும் நாளைக்குத் தள்ளி வெச்சுட்டாங்க."