பக்கோடா மாஸ்டரின் தாள் பரீட்சை

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்களின் பட்டியல் நீளம். ஆனால் பக்கோடா மாஸ்டரின் வாய்க்குள் ஒரு சொட்டு எண்ணெயை நுழைத்தவன் என்ற பழி அந்த ஊரில் ஒரே ஒருவன்மேல்தான் உண்டு. அந்தப் பாவி நான்.

அறுபதுகளில் நான் அங்கே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கடைத்தெருவில், மாஸ்டரின் பக்கோடாக் கடைக்கு மேலே மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள் அந்தப் பக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வாணலியில் மல்லாட்டை எண்ணெய் காய்ந்துவிட்டால் ஆபீசில் ஒருத்தருக்கும் பேனா நகராது. சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பொட்டலம் வாங்கிப் போவார்கள். அப்பேர்ப்பட்ட கைக்குத் தன் பக்கோடாவைத் தன் வாயில் போட்டுக்கொள்ளக் கொடுப்பினை இல்லை. உப்புப் பார்க்க என்னைக் கூப்பிடுவார். நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

காரணம் வியாதி. முதலில் கால் மரத்தது. பிறகு ஒரு கண் மங்கி, தானே தெளிந்தது. மறுபடி கால். மதராஸில் ஒரு பெரிய டாக்டர் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று பெயர் சொன்னார். கரண்ட் கம்பிமேல் உறை தேய்கிற மாதிரி நரம்பின்மேல் உறை தேய்கிறதாம். மருந்து கிடையாதாம். கொழுப்பை அறவே நிறுத்திப் பாருங்கள், வெளிநாட்டில் அப்படிச் சொல்கிறார்கள், உத்தரவாதம் இல்லை என்றார். கடைசி இரண்டு வார்த்தை மட்டும் மாஸ்டர் காதில் விழவில்லை. எண்ணெய், நெய், தேங்காய், கறி, பாலாடை எல்லாம் அன்றோடு ஒழிந்தன.

அதோடு விட்டாரா? பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பேப்பர் கடையில் மலையாகக் கிடந்தது. எதைத் தின்பதானாலும் முதலில் ஒரு துண்டுத் தாளில் வைத்து அழுத்துவார். தாளைக் காயவைத்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். எண்ணெய்க் கறை இம்மி தெரிந்தாலும் பண்டம் தெருநாய்க்கு. தேறிய தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதியும் பண்டத்தின் பெயரும் எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். கஞ்சியானாலும் இரண்டு சொட்டு விட்டாக வேண்டும். தாள் காய்வதற்குள் கஞ்சி பச்சைத் தண்ணியாக ஆறிவிடும்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இலையில் விழுந்த சாம்பாரையும் விடவில்லை. பந்தலுக்கு வெளியே போய்த் தாளைச் சூரியனுக்குக் காட்டினார். பெண்ணைப் பெற்றவர் வந்து, "இன்னா மாஸ்டர், என் ஊட்டு சோத்துல வெஷமா வெச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டார். இரண்டு குடும்பமும் ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

அது மதுவிலக்குக் காலம். தள்ளாடி நடந்தால் சாராயம் என்று அர்த்தம். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் நடுத்தெருவில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னார். வந்ததோ வேகவைத்த சுரைக்காய் வாசனை. "நல்லெண்ணெயே உள்ள போவாத வாயி சார், சாராயம் எங்க போவும்?" என்றார் மாஸ்டர். கடைத்தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சாப்பிடாமல் கிடந்தால் கால் எப்படி நடக்கும் என்று ஊர் தீர்ப்பும் சொல்லியாயிற்று. அடுத்தவன் காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாவிட்டால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது.

ஒரு ஆடி மாதம் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் கட்டையாகக் கிடந்தன. யாரோ எண்ணெய் ஊற்றிவிட்டார்கள் என்று கத்தினார். சமைக்கிறவள் மேல்தானே சந்தேகம் விழும்? மனைவி அலமேலுவை என்றைக்கு ஊற்றினாய், எதில் ஊற்றினாய் என்று மூன்று நாள் குடைந்து எடுத்தார். நாலாம் நாள் நான் போயிருந்தபோது அந்த அம்மாள் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, சத்தியம் பண்ணி, கையை மூடி அணைத்தது. மாஸ்டர் நம்பிவிட்டார். நம்பியதும்தான் வந்தது வினை.

"அப்போ யாரும் ஊத்தல," என்றார். "பத்தியம் சரியாத்தான் இருந்திருக்குது. அப்டியும் காலு பூடுச்சு. இனிமே எத்த நம்பி சார் உசிரோட இருக்கறது?"

தாலுகா ஆபீசில் பாதி வேலை பொய் சொல்வதுதான். அந்த அனுபவம் அன்றைக்கு உதவியது. போன மாதம் அலமேலு தாய்வீடான தொண்டூருக்கு நாலு நாள் போயிருந்தபோது அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் நான்.

"நான்தான் மாஸ்டர் நெய் ஊத்தினேன். எளச்சுப் போறீங்களேன்னு," என்றேன்.

"எத்தினி ஸ்பூனு?"

"ரெண்டு."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "யோவ், உன்ன கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சனேய்யா. காலி பண்ணுய்யா ரூம்பை."

அறை போயிற்று. பக்கோடா போயிற்று. நோயாளிக்கு நெய் ஊற்றிய துரோகி என்று ஊர் என்னைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தது. நான் எதிர்ச்சாரியில் நடந்து பழகிக்கொண்டேன். மாஸ்டர் முன்னைவிட மூர்க்கமாகப் பத்தியம் இருந்தார். நாலு மாதத்தில் கோல் ஊன்றி எழுந்தும்விட்டார். "பாத்தீங்களா, அந்தாளு நெய்யி எறங்கினதும் காலு வந்துடுச்சு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாராம். பாழாய்ப்போன வியாதி மறு வருஷம் திரும்பி வந்தது. இந்தத் தடவை கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. மூன்றாம் வருஷம் அவரையே.

காரியம் முடிந்ததும் அலமேலு என்னைக் கூப்பிட்டனுப்பியது. தகர டப்பாவிலிருந்து நூல் கட்டிய நாலு தாளை எடுத்துக் கையில் கொடுத்தது. "இத்த மட்டும் தனியா கட்டி வெச்சிருந்தாரு சார். உங்களாண்ட குடுக்கச் சொன்னாரு."

ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி. அதன் கீழே 'கஞ்சி, சார் வெச்சது' என்று கோணல் பென்சில் எழுத்து. வெளியே போய் வெயிலுக்கு நேரே பிடித்தேன். நாலும் காய்ந்த தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை. நான் சொன்னது பொய் என்று அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தபோதே மனுஷனுக்குத் தெரியும். பத்தியம் பிழைக்க வேண்டுமானால் என்னைத் திட்டித்தான் ஆக வேண்டும். மூச்சுவிடாமல் மூன்று வருஷம் திட்டினார்.

பேசாமல் அந்த இரண்டு ஸ்பூன் நெய்யை நிஜமாகவே ஊற்றியிருக்கலாம். நாலு நாளாவது என் மாஸ்டர் ருசித்துக் குடித்திருப்பார்.