பதினைந்தோடு தீர்ந்த ஒப்புட்டு

மாரண்டஹள்ளி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய பச்சியப்பன் அவர்களுக்கு மாது எழுதிக்கொள்வது. 'சம்பந்தி' என்று எழுதத்தான் கை துடிக்கிறது, தைரியம் வரவில்லை. இங்கே என் மானத்தைத் தவிர அனைவரும் நலம். அரூரில் உங்கள் வூட்டில் எல்லோரும் சுகம்தானே?

ஞாயிறன்று நிச்சயத் தட்டு மாற்ற முப்பது பேரோடு வந்தீர்கள். பெரியவர்களை முதலில் உட்காரவைத்துவிட்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்த உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் இலையில் ஒப்புட்டு விழவில்லை, தட்டு மாறாமலே கிளம்பிவிட்டீர்கள். "ஒரு ஒப்புட்டுக்கு வக்கில்லாத வூட்டுலயா பொண்ணு எடுக்கறது?" என்று உங்கள் தங்கை பானுமதி வேனில் ஏறும்வரை கேட்டது என் காதிலும் விழுந்தது. கஞ்சத்தனம் இல்லைங்க, எல்லாம் என் மூளை செய்த வேலை. ஆளுக்கு இரண்டு வீதம் ஆறு அங்குல அகலத்தில் அறுபது போளி தட்டுவதற்குத்தான் என் வீட்டுக்காரி அமுதவல்லி மாவும் பூரணமும் தயார் செய்திருந்தாள். நான் சும்மா இருக்கமாட்டாமல், "எதுக்கு அறுபது தட்டறே? பன்னெண்டு அங்குலத்துல ஆளுக்கு ஒண்ணு தட்டு, முப்பதோட வேலை முடிஞ்சுது, ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஓட்டலிலிருந்து பெரிய தோசைக்கல்லை இரவல் வாங்கி வந்தேன். முதல் பந்தியில் உங்கள் பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள், நான் மீசையை முறுக்கினேன், பதினைந்தாவது ஒப்புட்டோடு மாவு தீர்ந்தது. "ஏங்க, மீதி மாவை யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?" என்றாள் அமுதவல்லி. நான் பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் பெண் கலைமணி என்னைத் தரையில் உட்காரவைத்து, "நீளத்துல ரெண்டு டைல்ஸ், அகலத்துலயும் ரெண்டு. இப்ப எண்ணுப்பா" என்றாள். எண்ணினேன், நாலு. "வட்டத்துக்கும் அதே கதைதான். கனம் மாறல இல்ல? உன் ஒப்புட்டு ஒண்ணு, அம்மாவோடது நாலு." பெண்ணுக்குக் கணக்கு தாய்வழி வந்தது, ஆகையால் உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை பூவரசன் போனில், "அப்பா என்ன சொல்றாரோ" என்பதற்கு மேல் பேசுவதில்லையாம். என் முட்டாள்தனத்துக்கு அவர்களைத் தண்டிக்காமல் வரும் ஞாயிறு மறுபடி வாருங்கள், தட்டு மாற்றிக்கொள்வோம். இனி அளவு சம்பந்தமான எதிலும் தலையிடமாட்டேன் என்று தீர்த்தமலை திசை பார்த்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, பானுமதி அம்மாவுக்குத் தனியாக ஒரு பெரிய கும்பிடு.

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,
மாது

பி.கு.: போன தடவை முப்பது பேருக்கு இருபதுக்கு இருபதடி பந்தல் கச்சிதமாக இருந்தது. இந்த முறை எங்கள் பங்காளிகள் முப்பது பேரும் சேர்ந்து அறுபது பேர் என்பதால் நாற்பதுக்கு நாற்பது போடச் சொன்னேன், ஆட்கள் கால் நட்டுவிட்டார்கள். கலைமணி பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "இது நூத்தியிருவது பேருக்குப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தயவுசெய்து தொண்ணூறு பேராக வாருங்கள்.