பேத்தியின் பெயரும் கறுப்புப் பட்டைச் சுவரொட்டியும்

17 மார்ச் 2019, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 40 நிமிடம்.
க்ராவீனா.

கடிதம் எண் 4/2019
பொருள்: என் பேத்தியின் பெயர் தொடர்பாக நான் செய்த பிழைகள்.

அன்புள்ள மருமகள் மார்த்தினாவுக்கு, மாமனார் ருஜ்ஜேரோ லகெட்ஸா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். டூரினில் நீயும் குழந்தையும் என் மகன் கயெதானோவும் நலமென்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, வியாழக்கிழமை முதல் நீ என் அழைப்பை எடுக்கவில்லை.

ஜனவரி 2 அன்று நீ, "மாமா, பொண்ணு பொறந்தா வைக்க நல்ல பேரா நாலு சொல்லுங்களேன்" என்றாய். நாலு கேட்டவளுக்கு அறுபத்து நான்கு அனுப்பினேன். நகராட்சியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிறப்புப் பதிவேடு எழுதியவனுக்கு அளவு தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பொருள், உரிய புனிதரின் நாள், என் கருத்து என்று மூன்று கட்டங்கள். க்ளாவுதியா: கால் தாங்கி நடப்பவள், வேண்டாம். பார்பரா: அந்நிய மொழிக்காரி, வேண்டாம். செசீலியா: பார்வையற்றவள், கட்டாயம் வேண்டாம். உன் தாயாரின் பெயர் செசீலியா என்பது பட்டியலைத் தபாலில் சேர்த்த பதினோராம் நாள்தான் என் நினைவுக்கு வந்தது. நீ ஆசைப்பட்ட அலெக்ராவுக்கு "மகிழ்ச்சியானவள்" என்று எழுதிவிட்டு, "பள்ளியில் அடங்கமாட்டாள்" என்றும் சேர்த்தேன். கடைசியாக, அடிக்கோடிட்டு, மறைந்த உன் மாமியாரின் பெயர்: அத்தோலராத்தா. முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "துயரம் நிறைந்தவள்" என்ற அதன் பொருளை மட்டும் எழுதாமல் விட்டேன். அது நேர்மையல்ல.

மார்ச் 12, செவ்வாய், மாலை 4.20க்குக் கயெதானோ அழைத்து, "அப்பா, பொண்ணுப்பா" என்றான். உன் உடல்நிலையைக் கேட்டிருக்க வேண்டும். "அத்தோலராத்தா எத்தனை கிலோ?" என்று கேட்டேன். அதோடு நின்றிருக்கலாம். பெண் பிறந்ததற்கு அடையாளமாக வாசலில் இளஞ்சிவப்பு நாடா கட்டி, அதுவும் போதாதென்று ஊருக்கே தெரியட்டும் என்று அச்சகக்காரர் ஸவேரியோவிடம் சுவரொட்டி அடிக்கச் சொன்னேன், அவரோ நாற்பது வருஷமா இந்த ஊர்ச் சாவு நோட்டீஸ் அடிச்சே பழகின மனுஷன், கை போன போக்கில் சுற்றிலும் கறுப்புப் பட்டை கட்டி, நடுவில் "அத்தோலராத்தா லகெட்ஸா" என்று கொட்டை எழுத்தில் போட்டு, "பிறந்தாள்" என்பதை எறும்பு அளவில் அடியில் ஒதுக்கி, வியாழன் காலை ஏழு மணிக்குள் பதினெட்டுச் சுவரில் ஒட்டியும் விட்டார். எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஃபிலொமேனா, சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கப்படி காப்பித்தூளும் சர்க்கரையுமாகத் துக்கம் கேட்க வந்துவிட்டாள்.

"யாருண்ணே போனது?"

"யாரும் போகல. வந்திருக்கு. பேத்தி."

"வந்ததுமே போயிருச்சா?"

நண்பகலுக்குள் வீட்டில் பதினொரு கிலோ சர்க்கரை. யாரோ அந்தச் சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்ப, இரண்டு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ அதைப் பார்த்திருக்கிறாய். நீ வைக்காத ஒரு பெயரை, அந்தப் பட்டைக்குள். இதற்கு நான் எழுதக்கூடிய சொல் எதுவும் போதாது.

நேற்று, 16ஆம் தேதி, கயெதானோ சொன்னான்: "நீங்க வரவேண்டாங்குறாப்பா மார்த்தினா. ஞானஸ்நானத்துக்கும்தான்." பக்கத்தில் இருந்த உன் மாமியாரின் தங்கை ஃபுல்ஜென்ஸியா அதற்குப் பிறகு வாயைத் திறந்தாள். "அத்தான், அக்கா எங்கிட்ட சொல்லியிருக்கா. இந்தப் பேரு என்னோட போகட்டும், எந்தப் புள்ள தலையிலயும் கட்டிராதீங்கன்னு." நாற்பத்தொரு ஆண்டுகள் தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. நான் கவனித்ததில்லை என்று எழுதுவதே சரி.

ஆகவே, பிறப்பைப் பதிய சட்டம் தரும் கடைசி நாளான, பத்தாம் நாள் மார்ச் 22, வெள்ளிக்கிழமைக்குள் உன் மனத்துக்குப் பிடித்த பெயரைப் பதிவு செய். எனக்குக் கருத்து இல்லை. குழந்தையை ஒருமுறை பார்த்தால் போதும். நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன்.

உனக்குப் பால் குறையாமல் சுரக்கட்டும், குழந்தை நன்றாகத் தூங்கட்டும், உன் தாயாருக்குக் கோபம் தணியட்டும்.

இப்படிக்கு,
ருஜ்ஜேரோ லகெட்ஸா

பின்குறிப்பு, காலை 8.55: இக்கடிதத்தை ஃபுல்ஜென்ஸியாவிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா அப்படிச் சொல்லவே இல்ல அத்தான். அந்தப் பேருன்னா அவளுக்கு உசுரு. உங்க வாய அடைக்க நாந்தான் பொய் சொன்னேன். இல்லாட்டி அந்தப் புள்ளைய நீங்க பாக்கவே முடியாதே." பதினைந்து நிமிடம் யோசித்தேன். மேலே எழுதியதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. பெயர் உன் விருப்பம்தான்.

இணைப்பு (இன்றிரவுப் பேருந்தின் ஓட்டுநர் வசம்):
1. ஆலிவ் எண்ணெய், ஐந்து லிட்டர்.
2. செசீலியா அம்மையாருக்கு மன்னிப்புக் கடிதம், தனி உறையில்.
3. க்ராவீனாவிலிருந்து டூரினுக்கு ஒரு பேருந்துச் சீட்டு, என் பெயரில். தேதி போடவில்லை. நீ போட்டு அனுப்பவும்.