என் பெட்டியைத் தன் பெட்டி என்ற கலாநிதி

திருகோணமலை
ஆடி, 2003

வெள்ளவத்தையில் உறையும் பெருமதிப்புக்குரிய அத்தான் சோமசேகரம் அவர்கட்கு, மைத்துனன் குணரத்தினம் பணிவுடன் வரைவது. கோணேசப் பெருமான் கிருபையால் இவ்விடம் கிணறுகளைத் தவிர யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும் அக்காவின் முழங்கால் சுகமும் அறிய அவா.

நிற்க. தாங்கள் நல்லெண்ணத்தோடு செய்துவைத்த சம்பந்தம் முறிந்துவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் அறியத் தருகிறேன். கலியாணச் சம்பந்தமல்ல. எங்கள் கிணற்றடி விஞ்ஞானக் கழகத்துக்கும் தங்கள் நண்பர் பணியாற்றும் கொழும்பு ஆய்வு நிறுவனத்துக்கும் இடையே இருந்த சம்பந்தம்.

சமாதானம் என்று சொல்லி ஆறு மாதம் ஆகவில்லை, எங்கள் ஒழுங்கை முடிவில் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒருவர் விடுதி கட்டத் தொடங்கி, ஆழமாய்க் குழாய்க்கிணறு அடித்து, பகல் முழுக்கப் பம்ப் ஓடவிட்டார். அன்று தொடக்கம் எங்கள் கிணறுகளுக்குள் கடல் வந்து குடியேறிவிட்டது. என்ர மனிசி அன்னலட்சுமி தேத்தண்ணி ஊத்தினால் பால் திரையுது. அடுத்த வீட்டுப் புஸ்பராணியின்ர கைக்குழந்தைக்கு வயித்தோட்டம் நிக்கிறேல்லை. தகப்பன் விடிஞ்சா சைக்கிளில பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு தண்ணிக்கு அலையிறான். தொலைபேசித் திணைக்களத்தில ஆயுள் முழுக்க வயர் இழுத்த நான் சும்மா இருப்பனோ? பழுதான றேடியோவின்ர குடலை எடுத்து, செத்த பற்றரிக்குள்ள இருக்கிற கரிக்குச்சி ரெண்டைப் பூட்டி, சவர்க்காரப் பெட்டிக்குள்ள அடைச்சு ஒரு கருவி செய்தன். குச்சியைத் தண்ணியில விட்டால் உப்புக்கு ஏத்த மாதிரிக் கத்தும். நல்ல தண்ணிக்குக் காதடியில பாடுற நுளம்பு மாதிரி, எங்கட கிணத்துக்குக் கழுத்தைப் பிடிச்ச ஆடு மாதிரி. கிண்ணியாவில படகு எஞ்சின் திருத்துற சரீப் ஹாஜியாரும் ஒண்டு செய்தார். அவற்ற பெட்டிக்குச் சத்தம் கூட, உண்மை குறைவு.

பெட்டியோட மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்குப் போனம். அங்க இருந்த ஐயா காதைப் பொத்திக்கொண்டு, "சத்தத்தைக் கோப்பில போட ஏலாது. அங்கீகாரம் பெற்ற கருவி சொல்லவேணும்" எண்டார். அப்பதான் நீங்கள் அந்த நிறுவனத்தை எங்களிட்டை அனுப்பினீங்கள். அவையும் பொதுசனத்தைச் சேர்த்து நாடு முழுக்கத் தண்ணி அளக்கினம் எண்டு.

ஜீப் வந்துது. றஹ்மா எண்ட, கலாநிதிப் பட்டம் எடுத்த பிள்ளை, உப்பு அளக்கிற ஒரு மீற்றரோடயும் ஒரு பெட்டி ரீசேட்டோடயும் இறங்கினா. ரீசேட்டில "குடிமக்கள் விஞ்ஞானம்" எண்டு அடிக்கச் சொன்னதாம். அச்சடிச்சவனுக்குத் தமிழும் தெரியாது, இடமும் போதேல்லை. நெஞ்சில பெரிசாய் "குடி", மிச்சம் முதுகில. ஹாஜியார் அதைத் தூக்கிப் பாத்திட்டு, "மக்காவுக்குப் போய் வந்த மனிசன் இதைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் றோட்டால எப்பிடிப் போறது?" எண்டார். பிறகு முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கிப் போட்டுக்கொண்டு, கழுத்து இறுகி, நாள் முழுக்க விக்கிக்கொண்டு திரிஞ்சார்.

அடுத்தது வரைபடம். சதுரம் சதுரமாய்க் கோடு. கோடு சந்திக்கிற இடத்திலதான் தண்ணி எடுக்கலாமாம். ஒரு சந்தி சீனன்குடாவில விமானம் ஓடுற பாதையில விழுந்துது. ஒண்டு தம்பலகாமத்தில யானை படுக்கிற பத்தைக்குள்ள. இன்னொண்டு துறைமுகத்துக்கு நட்ட நடுவில.

"பிள்ளை, எங்கட ஒழுங்கை?"

"அங்கிள், அது கோட்டில வரேல்லையே."

"அப்ப கிணத்தைத் தூக்கிக் கோட்டில வைக்கட்டோ?"

சிரிச்சா. நல்ல பிள்ளைதான், அதை நான் மறுக்கேல்லை. கடைசியில ஒரு உடன்பாட்டுக்கு வந்தம். கிண்ணியாப் பக்கத்துச் சந்திகளுக்கு நாங்கள் வழி காட்டுறது, பதிலுக்கு அவ தன்ர மீற்றரை எங்கட கிணறுகளிலயும் விட்டுப் பாக்கிறது.

வினை அந்தப் பயணத்தில வந்துது. பாதையில, அதுதான் வாகனமும் மாடும் ஆக்களுமாய் ஏத்துற அந்த மிதவையில, கடக்கேக்க அலை அடிச்சு என்ர பையை நனைச்சுப்போட்டுது. அக்கரையில ஆமி சோதிக்கிற சென்றியில பையை மேசையில வைச்சதும் உப்புத்தண்ணி கரிக்குச்சியில பட்டிருக்கோணும், பெட்டி ஓலம் போடத் தொடங்கிச்சுது. உள்ளுக்க வயர், பற்றரி! ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால பாய, சனம் குப்புற விழ, ஹாஜியார் கலிமா சொல்ல, நான் மட்டும் "பயப்பிடாதேங்கோ, அது உப்பு! உப்பு!" எண்டு கத்திக்கொண்டு பெட்டியை எடுக்கப் போறன். எல்லாத் துவக்கும் என்ர பக்கம் திரும்பிச்சுது. கையைத் தூக்கினன். அத்தான், சிரிக்காதேங்கோ. இப்பிடிக் கையைத் தூக்கினவையில எத்தினை பேர் வீட்டை திரும்பி வரேல்லை எண்டது உங்களுக்கும் தெரியும்.

இது ஆரின்ர பெட்டி எண்டு அதிகாரி சிங்களத்தில கேட்டார். கலாநிதி நிலத்தால எழும்பினா, கன்னமெல்லாம் மண். அவவின்ர அனுமதிக் கடிதத்தில மீற்றர் மட்டும்தான் இருக்குது. என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு தெளிவாய்ச் சொன்னா: "இது எங்கட நிறுவனத்தின்ர கருவி. இவர் எங்கட ஆள்."

கேட்டீங்களோ அத்தான்? என்ர பெட்டி! என்ர கரிக்குச்சி! பட்டப்பகலில ஆமி சாட்சியாய்த் தங்கட சொத்தாக்கிப்போட்டா. அதிகாரியும் அப்பிடியே பதிஞ்சு எங்களை விட்டிட்டார். திரும்பி வரேக்க ஹாஜியார், "குணரத்தினம், அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லாட்டி நீங்க இப்ப உள்ளுக்க. பெட்டி ஆருடயது எண்டு உள்ளுக்க இருந்து வழக்குப் பேசியிருப்பீங்களா?" எண்டு கேட்டார். அது வேற கதை. கொள்கை எண்டு ஒண்டு இருக்கெல்லோ.

ஆகவே மேற்படி ஒத்துழைப்பு இத்துடன் முற்றுப்பெற்றது. இனி அந்த நிறுவனத்தோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்காவின் முழங்காலுக்குச் சித்தாலேப எண்ணெயை விடாமல் பூசவும். மருமக்கள் நோய்நொடியின்றி நீடு வாழக் கோணேசர் துணை நிற்பாராக.

என்றும் தங்கள் பணிவுள்ள,
குணரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் வாசல் படலையடியில கலாநிதி வந்து நிண்டா; ரெண்டு கிழமையாய்க் கடிதம் அப்பிடியே கிடக்குது. ஜீப் இல்லை, பஸ்ஸில வந்திருக்கிறா. இது என்ன கருவி எண்டு நிறுவனத்திட்டை ஆமி விளக்கம் கேட்டதாம். பிள்ளை பின்வாங்கேல்லை. எங்கட கிணத்தடியிலயே குந்தியிருந்து, மீற்றரையும் பெட்டியையும் மாறி மாறி விட்டுப் பாத்து, என்ர பெட்டி சொல்லுறது சரி எண்டு எழுதிக் குடுத்திட்டா. (ஹாஜியாரின்ர பெட்டி சரிவரேல்லை.) பம்ப் ஓட ஓடக் கத்தல் ஏறுறதை, ஒருநாள் வந்து போற மீற்றர் தனியப் பிடிச்சிருக்காது. பெட்டி தனியச் சொன்னால் கச்சேரி கேட்டிருக்காது. இப்ப அது நிறுவனத்துக் கருவியாய்ப் பதிஞ்சு கிடக்கிறபடியால் கச்சேரி ஐயாவும் காதைப் பொத்தாமல் கேட்டவர். பம்ப்பை நிப்பாட்டச் சொல்லி நேற்று ஓடர் போட்டாச்சு. கிணறு தெளிய மாரி மழை வரவேணுமாம். புஸ்பராணி இப்பவே வாளியைக் கழுவி வைச்சிட்டா.

என்னை நிறுவனத்தின்ர மாவட்ட இணைப்பாளராய்ப் போட்டிருக்கினம். அவ கேட்டு முடிக்க முதலே ஓம் எண்டிட்டன். ஆனபடியால் மேலே எழுதினதை வாசியாதேங்கோ. அந்த வரைபடத்தைக் கண்ட அண்டு ரெலிபோனில நான் கலாநிதியைப் பற்றிச் சொன்னதை உங்கட நண்பரிட்டைச் சொல்லியிருந்தால், அது வேற ஒரு குணரத்தினம் எண்டு சொல்லிவிடுங்கோ.