பழைய ரீடர் எனக்கு, புதுசு அவருக்கு

உள்ளி உரிச்சுக்கிட்டே இதைச் சொல்லுதேன். கண்ணுல தண்ணி வந்தா அதுக்கு உள்ளிதான் காரணம். வீட்டுக்காரர் மேல பரிதாபம்னு நெனச்சிராதீங்க.

அவர் பேரைச் சொல்லக் கூச்சம். மெதுவாச் சொன்னா தப்பில்ல: நாறும்பூநாதன். வீடு தென்காசியில, எலுமிச்சை கமிஷன் கடை புளியங்குடியில. கடை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ரீடர்ல கதை படிப்பார். ரீடர்னா புத்தகம் படிக்கதுக்குன்னே உள்ள சிலேட்டு மாதிரி சாமான். எல்லாமே கொலைக் கதை. நான் தொட்டா, எண்ணெக் கைன்னு பிடுங்கிருவார். நான் படிச்சது எட்டாப்புதான். அதுக்காக யார் கொன்னான்னு தெரிஞ்சுக்கிட ஆசை இருக்காதா?

குத்தாலத்துல சாரல் விழவும் அவரோட அக்கா ஆனந்தவள்ளி மதினி குளிக்க வந்து எங்க வீட்டுல தங்கினாங்க. அன்னைக்குன்னு பார்த்து இவர் வேற கம்பெனி கலர் ரீடர் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். மதினி பார்க்கணும்னே பழசை என் கையில குடுத்து, “இனி இது உனக்குத்தான்”னார், பெரிய வள்ளல் கணக்கா.

“வாங்கின கதையெல்லாம் புதுசுக்கு வந்துருமா?”ன்னு கேட்டேன்.

“ஏட்டி, காசு குடுத்து வாங்குன சரக்கு. எந்த லாரியில ஏத்துனா என்ன?”

ஏறல. பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கன வாங்கின புத்தகத்துக்கெல்லாம் பூட்டு உண்டாம். அவங்க ரீடர்ல திறக்கும், இல்லன்னா போன்ல அவங்க ஆப்புல திறக்கும். அடுத்த கம்பெனி சாமான்ல திறக்காதாம். சரின்னு போனை எடுத்துக்கிட்டு உக்காந்தார். செங்கோட்டைக்காரன் எலுமிச்சை விலை கேக்கான், அவன் வச்சதும் கடையநல்லூர்க்காரன் கேக்கான். ஒரு பத்தி ஓடல.

மருந்துக்கடைக்காரரைக் கொன்ன கதை பாதியில நிக்கு. மனுசனுக்குச் சோறு இறங்கல.

குடுத்ததைத் திருப்பிக் கேட்க மதினி முன்னால மானம் தடுத்துச்சு. அதனால குழைஞ்சார். கலரை நீ வச்சுக்கோ, எனக்குப் பழசே போதும்னார். நீங்க ஆசையா வாங்கினது, எனக்கெதுக்குன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். உடனே அடுத்த திட்டம்: எல்லாரும் ஐந்தருவிக்குப் போவோம், நீங்க ரெண்டு பேரும் குளிங்க, பிள்ளையையும் பையையும் நான் பார்த்துக்கிடுதேன். எங்க பாப்பா பிறந்ததுல இருந்து அவளைச் சேர்ந்தாப்புல கால் மணி நேரம் தூக்காத மனுசன். பையிலதான் ரீடர் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நிம்மதியா குளிச்சேன்.

திரும்பி வந்தா, பாப்பா அவர் சட்டையெல்லாம் மோண்டு வச்சிருக்கா. இவர் ரீடரை முறைச்சுக்கிட்டு நிக்கார்.

“ஏட்டி, இது நம்பர் கேக்கு.”

“பூட்டிருக்கேங்க. பாப்பா தொட்டுரக் கூடாதுல்லா.”

“நம்பரைச் சொல்லு.”

“கம்பெனிக்காரன் பூட்டினா பேசாம இருக்கீங்க. நான் பூட்டினா கோவமா?” எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, கேட்டுட்டேன்.

மதினி தலை துவட்டுறதை விட்டுட்டுச் சிரிச்சாங்க. “லே தம்பி, குடுத்தது குடுத்ததுதான்லே. அவட்ட கேட்டுப் படி.”

இப்ப ஏற்பாடு என்னன்னா, பாப்பாவை அவர் தூங்க வச்சா நான் திறந்து குடுப்பேன். நம்பரைச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் தொடாம விட்டா அது தானா பூட்டிக்கிடும். பாப்பா சிணுங்க, இவர் தொட்டில் ஆட்ட ஓட, அது பூட்டிக்கிட. கதை நகரவே மாட்டேங்கு.

நான் முடிச்சு ஒரு வாரம் ஆச்சு. கொன்னது யாருன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். இருங்க, மறுபடியும் பூட்டிக்கிட்டுன்னு உள்ள இருந்து கூப்பிடுதார். இந்தா வாறேங்க! கொன்னது வேற யாருமில்ல, அந்த மருந்துக்கடைக்காரரோட